மீட்டரம்மா சீல் வைத்த பெட்டி

மின்சார அலுவலகத்தின் மீட்டர் சோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் ஒரே நாற்காலியைத் தேய்த்தவளுக்கு வேறு என்ன பெயர் தங்கும்? மீட்டரம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. கட்டின புருஷன்கூடக் கோபம் வந்தால் "ஏ மீட்டரு" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வருவதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

அவள் வேலை இதுதான். புது மீட்டர்களைப் பலகையில் வரிசையாக மாட்டுவாள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மின்சாரத்தை, கூட்டாமல் குறைக்காமல், ஒரு மணி நேரம் ஓடவிடுவாள். கணக்கு சரியாக வந்தால் மூடியின் திருகுகளில் கம்பியைக் கோத்து, முனையில் ஈயக் குண்டை வைத்து, இடுக்கியால் ஒரு அழுத்து. ஈயத்தில் அவளுடைய எண் பதியும்: பதினேழு. அதற்குப் பிறகு அந்த மூடியை எந்தக் கொம்பனும் திறக்கக்கூடாது. திறந்தால் ஏன் திறந்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதினால் சீல் வைத்தவளின் மானம் காற்றில் பறக்கும். இருபத்தாறு வருஷத்தில் பதினேழாம் நம்பர் சீல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவள் யாரும் கேட்காமலே சொல்லுவாள். கேட்டால் இரண்டு தடவை சொல்லுவாள்.

அவள் புருஷன் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். நடைமேடைகளுக்கு மேலே கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, ஒரு மைக், கிறீச்சிடும் ஒரு நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் அவருடைய ராஜ்ஜியம். மற்றவர்களைப் போல நம்பரை ஒப்பித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். வண்டி கிளம்பும் நேரம் நெருங்க நெருங்க, தானே அந்த வண்டியைத் தவறவிடப் போகிறவர் மாதிரி பதறுவார். "பன்னிரண்டாம் நம்பர் கிளம்புதுங்க, ஓடி வாங்க, கைக்குழந்தைக்காரங்க மொதல்ல ஏறுங்க!" என்று அவர் கத்தினால் நடைமேடையில் தூங்குகிற நாய் எழுந்து ஓடும். யாராவது குழந்தையைத் தொலைத்துவிட்டால் அதே குரல் அப்படியே இறங்கி, குழந்தையின் காதோடு பேசுகிற மாதிரி ஆகிவிடும். அடுத்த நடைமேடைக்குக்கூடக் கேட்காது.

வீட்டிலோ பேசுகிற உரிமை மீட்டரம்மாளுக்கு. காலையில் கண் விழித்ததும் ஆரம்பிப்பாள். "ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதீங்கன்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றேன். அது கட்டிலா, கொடியா?" அவர் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து நாற்காலி மேல் போடுவார். அதற்கு ஒரு தனிப் பாட்டு விழும். இப்படியே இரண்டு பேருக்கும் நாள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் நிலைய மேலாளர் அறிவிப்பாளரைக் கூப்பிட்டார். "ஒரு நேரம் காது கிழியுது, ஒரு நேரம் ஒண்ணுமே கேக்கல. கடைக்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க. கொஞ்சம் ஒரே மாதிரி பேசக் கூடாதா?" அவருக்கு அது வராது. வந்தால் அவர் அவராக இருக்க மாட்டார். மனிதர் வீட்டுக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுக்கா இந்த மூஞ்சி? ஒரு கம்ப்ரெசர் வெச்சா முடிஞ்சுது. நான் பண்ணித் தரேன்" என்றாள் மீட்டரம்மா.

அன்றைக்கு அவருடைய தம்பி வந்திருந்தார். தையல் கடை வைத்திருக்கிற சாது. "கம்ப்ரெசரா? அது ஃப்ரிட்ஜுக்குல்ல போடுவாங்க அண்ணி? அண்ணனைக் குளிர வைக்கவா?" என்றார்.

"உங்க அண்ணன் வாயை அடக்கி வைக்க, தம்பி."

வானொலிப் பெட்டி, பேட்டரி சார்ஜர் என்று தனித்தனிப் பாகங்களாக வரும் கிட் வாங்கி வீட்டிலேயே பூட்டுவது அவளுக்கு வெகுநாள் பழக்கம். இதுவும் தபாலில் வந்தது. பச்சைப் பலகை ஒன்று, பொட்டலம் பொட்டலமாகப் பாகங்கள், எட்டுப் பக்க விளக்கத்தாள். விஷயம் எளிதுதான். உள்ளே வருகிற சத்தம் அளவுக்கு மீறி ஏறினால் இந்தக் கருவி அதை அமுக்கிப் பிடிக்கும். சத்தம் இறங்கினால் மெதுவாகப் பிடியை விடும். பிறகு மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். கத்தினாலும் முணுமுணுத்தாலும் வெளியே ஏறக்குறைய ஒரே அளவு வரும். பிடியை எவ்வளவு மெதுவாக விடவேண்டும் என்பதை ஒரு சின்னக் கண்டென்சர் தீர்மானிக்கிறது.

விளக்கத்தாள் ஒவ்வொரு பாகமாக, பெயர் பார்த்து, வரிசைப்படி பற்ற வைக்கச் சொன்னது. மீட்டரம்மாளுக்கு யாரும் வேலை சொல்லிக் கொடுக்கக்கூடாது. சோதனைக் கூடத்தில் எப்படிச் செய்வாளோ அப்படித்தான் செய்தாள்: ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் கூட்டமாக எடுத்து, ஒரே மூச்சில் முடித்துவிடுவது. நீலநிறக் கண்டென்சர்கள் நான்கும் ஒரே உருவம், ஒரே உயரம். நான்கையும் வரிசையாகச் செருகினாள், பற்ற வைத்தாள், பின்னால் நீட்டிய கம்பிக் கால்களை நறுக்கினாள். பிறகு ஒரு மணி நேரம் ஒரே சீரான ரீங்காரத்தை உள்ளே அனுப்பி, அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முள் இம்மி அசையவில்லை.

"நான் ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்று அவர் ஆசையாக மைக்கை எடுத்தார்.

"உங்க பேச்சை வெச்சு என்னத்தைச் சோதிக்கிறது? அது ஒரு நிலையில நிக்குமா? கீழ வைங்க."

மூடியைப் போட்டாள். திருகுகளில் கம்பி கோத்தாள். வீட்டுப் பெட்டிக்கு யாராவது சீல் வைப்பார்களா? கைப்பையிலேயே இருக்கும் இடுக்கியை எடுத்து இவள் வைத்தாள். பதினேழு.

முதல் இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் ஒரே புகழ்ச்சி. கடைசி நடைமேடை வரைக்கும் கணீரென்று கேட்கிறது, காதும் வலிக்கவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஓட்டுநர் ஒருவர் கேட்டார், "என்ன சார், மாடி ஏறி ஓடி வந்தீங்களா? மூச்சு இப்படி வாங்குது?" பிறகு எல்லோருக்கும் அது கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில், நான்கு நடைமேடைக்கும் சேர்த்து, ஒலிபெருக்கி பெரிதாக மூச்சு விட்டது. "பன்னிரண்டாம் நம்பர்... ஹ்ஹூ... வண்டி... ஹ்ஹூ..." டீக்கடையில் அவரைப் போல இழுத்து இழுத்துப் பேசிச் சிரித்தார்கள். ஒரு பயணி மேலே ஏறி வந்து, தன் மாமனாருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது என்று நல்லெண்ணத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "உன் பெட்டில ஏதாவது இருக்குமோ?"

அவ்வளவுதான். வந்ததே கோபம். "என் பெட்டியா? இருபத்தாறு வருஷத்துல என் சீல் ஒண்ணு திரும்பி வந்திருக்கா? உள்ள இருக்கறதைத்தான் அது தூக்கிக் காட்டும். இல்லாத மூச்சை அது எங்க போய்க் கொண்டு வரும்? உங்க நெஞ்சைப் போய்க் காட்டுங்க!"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அவர் நம்பிவிட்டார். சீல் வைத்த கையல்லவா? ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடப் போனாள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டும் என்று சத்துமாத்திரை எழுதிக் கொடுத்தார். 'ஓய்வு' என்ற அந்த ஒரு வார்த்தையை மேலாளர் பிடித்துக்கொண்டார். மைக்கிற்குக் கணினிக் குரல் ஒன்று வந்தது. அவர் கீழே மூட்டை முடிச்சு வைக்கும் அறைக்கு, 'தற்காலிகமாக' அனுப்பப்பட்டார். பெட்டியைக் கழற்றி ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கடைக்குப் போயிருந்தார். மீட்டரம்மா அந்தப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, சும்மா இருக்கமாட்டாமல் மைக்கையும் பழைய ஒலிபெருக்கி ஒன்றையும் மாட்டினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு" என்றாள்.

ஒலிபெருக்கி அவளைப் பார்த்து, "ஒண்ணு... ஹ்ஹூ... ரெண்டு... ஹ்ஹூ..." என்றது.

மூன்று மாடி படியேறி வேலைக்குப் போகிறவள் அவள். அவள் நெஞ்சில் என்ன கோளாறு? வெட்டுக் குறடை எடுத்துத் தன் சீலைத் தானே அறுத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளக்கத்தாளை வைத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீலக் கண்டென்சரில் எறும்புக் கால் மாதிரி எழுத்து. பத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் பத்து. மெதுவாக விடவேண்டிய பிடியைக் கருவி வெடுக்கென்று விட்டிருக்கிறது. ஒரு வார்த்தை முடிந்து அடுத்த வார்த்தை வருவதற்குள் அது அவருடைய மூச்சைத் தூக்கி ஊருக்குக் காட்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிற எல்லோரும் விடுகிற மூச்சைத்தான் அவரும் விட்டார். ஒரே சீரான ரீங்காரத்தில் இது எங்கே தெரியப் போகிறது? அவர் பேசிப் பார்க்கட்டுமா என்று கேட்டாரே. ஐயோ, கேட்டாரே!

இரண்டையும் கழற்றி இடம் மாற்றப் பத்து நிமிஷம் பிடித்தது. மறுபடி "ஒண்ணு, ரெண்டு" சொல்லிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி சுத்தமாக வந்தது. வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. அவள் அவசர அவசரமாக மூடியைப் போட்டாள். புதுக் கம்பி கோத்துப் புது சீல் வைத்தாள்.

முதல் தப்பு கை செய்தது. அது யாருக்கும் நடக்கும், யானைக்கும் அடி சறுக்கும். இந்த இரண்டாவது சீலை வைத்தது கை இல்லை. மனசறிந்து வைத்தாள். அது அவளுக்கே தெரியும்.

இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று வாரம் ஓடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அதே சோற்றை அவருக்குப் பரிமாறினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவள் நெஞ்சு சோதனைக் கூடத்தில், குளியலறையில், பஸ்ஸில் எல்லாம் குறுகுறுத்தது. பஸ் ஸ்டாண்டில் கணினிப் பெண் ஏற்ற இறக்கமே இல்லாமல் நம்பர் சொல்வதைக் கேட்டால் அவளுக்குக் கண் கலங்கும். கீழே பெட்டிகளுக்கு நடுவில் சீட்டுக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்க்கமாட்டாமல் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள்.

சொல்லத்தான் வாய் வரவில்லை. திட்டவும் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவாள்? ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தால் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். அவர் கேட்பதற்கு முன்னால் டீ வந்தது. சாப்பாட்டில் அவருக்குப் பிடித்ததாகச் செய்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் தைக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். அவர் ஏறிட்டுப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரும் மாறித்தான் போனார். ஒரு நாள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டால் எந்தத் திருகைத் தளர்த்தவேண்டும் என்று காட்டினார். இன்னொரு நாள் வீட்டுப் பத்திரம் எந்தப் பையில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். புதிதாக வாங்கிய செருப்பைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். மைக் இல்லாமல் மனிதருக்குப் பொழுது போகவில்லை என்று நினைத்து மீட்டரம்மா இன்னும் கொஞ்சம் குன்றினாள்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. மேலாளர் ஒரு தாளைத் தட்டச்சு அடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். 'என் உடல்நிலை காரணமாக அறிவிப்பாளர் பணியிலிருந்து நிரந்தரமாக விலகிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' திங்கட்கிழமை கையெழுத்தோடு வேண்டுமாம். அவர் சாப்பாட்டு மேஜையில் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "பேனா எங்க இருக்கு?" என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை.

மீட்டரம்மா பேனாவை எடுத்துவிட்டாள். கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கொடுத்துவிட்டால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. பதினேழாம் நம்பர் பதினேழாகவே இருக்கும். அவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"அதுல கையெழுத்துப் போடாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"உங்க நெஞ்சுல ஒண்ணுமில்ல. கோளாறு பெட்டில. நான் ரெண்டு கண்டென்சரை இடம் மாத்தி வெச்சுத் தொலைச்சிட்டேன். யார் பேசினாலும் அது மூச்சைத்தான் தூக்கிக் காட்டியிருக்கும். நான் பேசினேன், எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

அவர் அவளையே பார்த்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரமாச்சு. தெரிஞ்சும் சொல்லல. சரிபண்ணி மறுபடி சீல் வெச்சுட்டேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வரட்டும், என்ன வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"அப்போ" என்றார் அவர். "அப்போ டாக்டர் உன்கிட்ட தனியா ஒண்ணும் சொல்லலையா?"

"எந்த டாக்டர்? என்ன சொல்லணும்?"

"எக்ஸ்ரே எடுத்த அன்னிக்கு. நான் சட்டை மாட்டிட்டு வர்றதுக்குள்ள நீ உள்ள நின்னு அவர்கிட்ட பேசிட்டிருந்தியே."

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியான்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகம் ஒரு மாதிரி கோணியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நீ திட்டறதை நிறுத்திட்டியே! புதன்கிழமை நான் பால் பாத்திரத்தைக் கவிழ்த்துட்டேன். நீ என்ன சொன்ன? 'பரவால்லீங்க'ன்ன. பரவால்லீங்க! இந்த வீட்டுல நான் கேட்டறியாத வார்த்தை அது. பாத்ரூம்ல வேற தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழற. சரி, நம்மகிட்ட மறைக்கறாங்க, நாள் எண்ணிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். உன்கிட்ட கேட்டா நீ உடைஞ்சு போயிடுவியேன்னு கேக்கல."

மோட்டார் திருகும் பத்திரப் பையும் மீட்டரம்மாளுக்கு அப்போதுதான் விளங்கின. அவர் வேலையைப் பறித்தோம் என்றுதான் இத்தனை நாள் வெந்துகொண்டிருந்தாள். இந்த மனிதர் மூன்று வாரமாகச் சாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து.

அவர் எழுந்து போனை எடுத்தார். விரல் இரண்டு தடவை தவறான இடத்தில் பட்டது. "டேய் தம்பி! எனக்கு ஒண்ணுமில்லடா. ஆமாடா, ஒண்ணுமே இல்ல. டாக்டர் இப்பதான் சொன்னாரு, படத்தை மறுபடி பாத்தாராம்."

மறுமுனையில் தையல்காரர் ஓவென்று அழுவது அவள் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டது. ஆக, அண்ணன் மனதில் இருந்த பயம் தம்பிக்கும் தெரியும். தெரியாதவள் அவள் ஒருத்திதான். அந்த நிலையிலும் புருஷன் வாயில் பொய் வருகிறது, யாருக்காக? அவள் மானத்துக்காக. அதை அவளால் தாங்க முடியவில்லை. போய்ப் போனைப் பிடுங்கினாள்.

"தம்பி, டாக்டர் ஒண்ணும் சொல்லல. உங்க அண்ணன் பொய் சொல்றாரு. தப்பு நான் பண்ணினது. பெட்டியைத் தப்பாப் பண்ணிட்டு, அவர் நெஞ்சு கெட்டுப் போச்சுன்னு பழி போட்டேன். தெரிஞ்சும் மூணு வாரம் வாயை மூடிட்டிருந்தேன்."

அங்கே மூக்கைச் சிந்தும் சத்தம். "அண்ணி, அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே? அது போதும் அண்ணி."

"அது போதாது தம்பி. திங்கட்கிழமை மேலாளர்கிட்டயும் நானே போய் எழுதிக் குடுக்கப் போறேன். மொதல்ல நீங்க என்னைத் திட்டுங்க."

தையல்காரர் யாரைத் திட்டியிருக்கிறார்? "அய்யோ அண்ணி" என்றுமட்டும் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அவருக்கு அப்போதுதான் கோபம் வந்திருந்தது. சந்தோஷம் முழுக்க உள்ளே இறங்கி, அதற்கு அடியிலிருந்து மெல்ல ஏறி வந்திருக்க வேண்டும். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"மூணு வாரம்!" என்றார். பஸ் ஸ்டாண்டில் கடைசி வண்டிக்குக் கத்துகிற குரல். அடுத்த வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. "தினமும் படுக்கறப்ப, காலையில எழுந்திருப்பேனான்னு படுத்தேன்டி. உன்னைத் தனியா விட்டுட்டுப் போறமேன்னு இருந்துச்சு. மோட்டார்கூடப் போடத் தெரியாதே இவளுக்குன்னு! நீ எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிற! அந்தச் சீல் உனக்கு அவ்வளவு பெரிசாப் போச்சா? நான் பெரிசில்லையா? சொல்லு!"

மீட்டரம்மா நின்றாள். பதில் என்று ஒன்று இருந்தால்தானே சொல்ல? எல்லாம் நியாயம். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

அவர் நடுவில் நிறுத்தினார். அவளை உற்றுப் பார்த்தார். இத்தனை கோபத்துக்கு நடுவிலும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"எதுத்து ஏதாவது பேசுடி" என்றார், குரல் உடைந்து. "நீ இப்படிச் சும்மா நின்னா எனக்குப் பயமா இருக்கு."